தேவராஜ் வாங்கிய ரீல்

வருகிற தலை தீபாவளிக்கு ஒரு விரால் மீனையாவது தன் கையால் பிடித்து மாமியார் வீட்டு வாசலில் போடுவது என்று தேவராஜ் ஆடி மாதமே முடிவு செய்துவிட்டான். பி.காம். பரீட்சைக்குக்கூட அவன் எதையும் இவ்வளவு உறுதியாக முடிவு செய்ததில்லை.

காரணம் இருந்தது. கல்யாணமான முதல் ஆடிக்கு மாமியார் வீட்டில் விருந்துக்கு அழைத்திருந்தார்கள். பூந்தமல்லி தாண்டி, ஏரியை ஒட்டிய கிராமம். அங்கே நண்டு சிண்டு வரை எல்லோருக்கும் மீன் பிடிக்கத் தெரியும். தேவராஜின் ஊரிலும் ஏரி உண்டு. அதில் தண்ணீர்தான் கிடையாது. மச்சினன் வேம்புலி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், ஒரு தூண்டிலைக் கையில் கொடுத்து வீசச் சொன்னான். தேவராஜ் வீசினான். முள் தண்ணீர்ப் பக்கம் போகாமல் பின்னால் சுற்றி வந்து அவனுடைய புதுச் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டது.

“மெதுவா இழு மாமா. அம்பது கிலோ தேறும் போல கீது,” என்றான் வேம்புலி.

கரை மொத்தமும் சிரித்தது. மாமியார் கெங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து மர நிழலில் போட்டாள். மாப்பிள்ளை படிச்சவர், அவரை ஏன் வெயிலில் நிற்க வைக்கிறீர்கள் என்று மகனைத் திட்டினாள். அந்த நாற்காலிதான் தேவராஜைக் குத்தியது. அவன் வம்சத்தில் முதல் பட்டதாரி. டிகிரி வாங்கிய நாள் முதல் எங்கே போனாலும் நாற்காலி போடுகிறார்கள். எல்லோரும் ஒன்றாக நிற்கிற இடத்தில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பது எவ்வளவு தனிமையான காரியம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மனைவி லோகநாயகி தூரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். காலரில் கிழிந்த இடத்தை மறுநாளே தைத்துக் கொடுத்தாள். அவளுக்குச் சாப்பிடுவது மட்டும்தான் வலது கையில். ஊசி, துடைப்பம், அரிவாள்மனை, பேனா எல்லாம் பீச்சாங்கை. தையல் நன்றாகவே இருந்தது.

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் தேவராஜ் குமாஸ்தா. ஒரு குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, மேலே அனுப்பித்தான் வாங்க வேண்டும் என்பது அவன் ரத்தத்தில் ஊறியிருந்தது. வீட்டுக்குக் குக்கர் வாங்கியதும் அப்படித்தான். பட்டியல் முடிவதற்குள் லோகநாயகி இரண்டு மாதம் மண்சட்டியில் சோறாக்கினாள்.

சாதாரணத் தூண்டில் தனக்குச் சரிப்படாது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆபீஸில் ஒருவர் ரீல் வைத்த தூண்டிலைப் பற்றிச் சொன்னார். பொய் இரையைக் கட்டி வீசிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் போதும், மீன் துரத்தி வந்து கவ்வுமாம். இது படித்தவனுக்கு ஏற்ற மீன்பிடிப்பு என்று தேவராஜுக்குப் பட்டது. மனைவிக்குத் தெரியாமல் வாங்கி, தெரியாமல் பழகி, தீபாவளிக்கு எல்லோரையும் அசத்திவிட வேண்டும். கையில் இருந்தது ஓவர்டைம் பணம் இருநூற்றைம்பது ரூபாய்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுலைமான் பாய் கடை. கப்பலில் வந்த பழைய சாமான்கள் வாங்கி விற்பவர். அவரிடம் மூன்று ரீல்கள் இருந்தன. முதலாவது, தேங்காய் அளவுக்குப் பெரியது. சுறாவையே இழுக்கும் என்றார். இரண்டாவது, தங்க முலாம் பூசியது போலப் பளபளவென்று, விலை இருநூறு. மூன்றாவது, உள்ளங்கையில் அடங்குகிற ஜப்பான் ரீல், கறுப்புப் பெயிண்ட் பாதி உரிந்தது, நானூற்றைம்பது.

உரிந்ததற்கு ஏன் அதிக விலை என்று தேவராஜ் கேட்டான். பாய் ஒரு ரப்பர் தவளையை எடுத்து அவன் கையில் வைத்தார். இரண்டு ரூபாய்க் காசு கனம்தான் இருந்தது. இவ்வளவு லேசான இரையைப் பெரிய ரீலில் வீசினால் காலடியிலேயே விழும் என்றார். மெல்லிசு நைலான் நரம்பு, சின்ன ரீல், அதுதான் தூரம் போகும். பிறகு பளபளா ரீலின் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார். காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி சத்தம் வந்தது. ஜப்பான் ரீலைச் சுற்றினார்; சத்தமே இல்லை. அதன் முனையிலிருந்த திருகைத் தளர்த்தி நரம்பை இழுத்தார். ரீல் ஒரு முனகல் கூட இல்லாமல் நரம்பை விட்டுக்கொண்டே இருந்தது.

“மீன் இழுக்கும்போது விட்டுக் குடுக்கணும் சார். முறைச்சிக்கினு நின்னா நரம்பு அறுந்துரும். குடும்பம் மாதிரிதான்,” என்றார்.

தேவராஜுக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே? அவன் வீட்டுக்கு வந்து, லோகநாயகி தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், கார்பன் வைத்து மூன்று நகலாக ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தான். எடை, ஓட்டம், நரம்பின் கனம், விலை. குறைந்த விலை: பளபளா ரீல். கடைசியில் கட்டங்கள்: கேட்டவர், தேவராஜ். ஒப்புதல் அளிப்பவர், காலி. முதல் நகலைச் சட்டைப் பையில் வைத்தான். இரண்டாவதைக் கிழித்துப் போட்டான். மூன்றாவது நகல் என்ன ஆயிற்று என்று பிறகு யோசித்துப் பார்த்தபோது அவனுக்கு நினைவே வரவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பளபளா ரீலை வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனான். அது விற்றுப்போய்விட்டது என்றார் பாய். தேவராஜுக்குத் தலை சுற்றியது. சும்மா கேட்டு வைப்போம் என்று ஜப்பான் ரீலைக் காட்டி, இருநூற்றைம்பதுதான் இருக்கிறது என்றான். பாய் ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தார். எடுத்துக்கோ சார் என்றார். கூடவே இரண்டாகப் பிரிகிற பழைய ஃபைபர் தடி ஒன்றையும், ஒரு ரப்பர் தவளையையும் சும்மாவே கொடுத்தார்.

ஆவடி பஸ்ஸில் தேவராஜ் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டு வந்தான். நானூற்றைம்பது ரூபாய்ச் சாமானை இருநூற்றைம்பதுக்குப் பேசி முடித்தவன். கொள்முதல் பிரிவில் யாருக்கு இந்தச் சாமர்த்தியம் உண்டு? உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

ரீலை எங்கே ஒளிப்பது என்பதில் அவனுக்குக் குழப்பமில்லை. பரண் மேல் அவனுடைய பி.காம். நோட்டுகள் வைத்த தகரப் பெட்டி. அதைத் திறக்க அவனுக்கே மனம் வராது. தடியை மட்டும் எங்கும் மறைக்க முடியவில்லை. அது ஆன்டெனாத் தடி என்று சொல்லி வைத்தான்.

“நம்ம ஊட்ல டிவி இல்லீங்களே,” என்றாள் லோகநாயகி.

“நாளைக்கே வாங்கினா?”

“அதுவும் சர்தான்,” என்று உள்ளே போய்விட்டாள். இவ்வளவு வெள்ளந்தியான பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று அவனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தினமும் சாயங்காலம் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் பயிற்சி. தவளைக்குப் பதில் ஒரு இரும்பு நட்டு. ரீலின் கைப்பிடி வலது பக்கம் இருந்தது. அப்படியானால் தடியை இடது கையில் பிடித்து வீச வேண்டும். தேவராஜின் இடது கை அதுவரை வாட்ச் கட்டிக்கொள்வதைத் தவிர ஒரு வேலையும் செய்ததில்லை. ஆனால் ஜப்பான்காரன் யோசிக்காமலா கைப்பிடியை அந்தப் பக்கம் வைத்திருப்பான்? வந்த பொருளில் கை வைக்கக் கூடாது என்பதும் விதிதான். அவன் இடது கையாலேயே வீசினான். நட்டு தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. பக்கத்துக் கொடியில் போய் அடுத்த வீட்டு அன்னம்மாள் அக்காவின் உள்பாவாடையைச் சுற்றிக்கொண்டு வந்தது. தடியை ரீலோடு தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, பாவாடையை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவன் வியர்த்து நின்றபோது லோகநாயகி மேலே வந்தாள். ஒன்றும் கேட்காமல் பாவாடையை நரம்பிலிருந்து பிரித்தெடுத்தாள். காற்று ஜாஸ்தி என்று அன்னம்மாளிடம் சொல்லிக் கொடுத்துவிட்டாள். நரம்பை ஆன்டெனா ஒயர் என்று நினைத்துவிட்டாள் போலும் என்று தேவராஜ் நிம்மதி அடைந்தான்.

ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலையில் லேத்திலிருந்து டைப்ரைட்டர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வீட்டில் லோகநாயகி அரிவாள்மனை, கத்தரிக்கோல், சைக்கிள், அவனுடைய பேனா என்று ஒன்றையும் விடவில்லை. எல்லா ஆயுதத்துக்கும் பொட்டு. தன் ஆயுதம் மட்டும் பரண் மேல் இருட்டில். பூஜை பண்ணாத ஆயுதம் வேளை வரும்போது காலை வாரிவிடாதா?

அவள் பொரிகடலை கொடுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, விரலில் சந்தனத்தோடு ஸ்டூல் மேல் ஏறினான். தகரப் பெட்டியைத் திறந்தான்.

ரீலில் பொட்டு இருந்தது. அழகான சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். மேலே ஒரு துண்டு கதம்பம். வணிகவியல் இரண்டாம் ஆண்டு நோட்டின் மேல் ஒரு கைப்பிடி பொரி.

அவன் பெட்டியை மூடிவிட்டு இறங்கினான். லோகநாயகி திரும்பி வந்தாள். பொரி சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றான்.

“எல்லாத்துக்கும் வெச்சேன்,” என்றாள். அவ்வளவுதான். சந்தனம் மட்டும் அவன் விரலில் காய்ந்து உதிர்ந்தது.

தலை தீபாவளி நன்றாக மழை பெய்து ஓய்ந்த பிறகு வந்தது. தீபாவளி நோன்பு முடிந்த மறுநாள் காலை எல்லோரும் மதகுக்குக் கீழே இருந்த மடுவுக்குப் போனார்கள். புதுத் தண்ணீர் நிறைந்து அல்லி இலைகள் மிதந்தன. வேம்புலி தன் தூண்டில்களைப் போட மறுகரைக்குப் போனான். தேவராஜ் தடியைப் பொருத்தி, ரீலை மாட்டி, தவளையைக் கட்டி, இடது கையால் வீசினான். தவளை ஒரு வேலமரத்தில் உட்கார்ந்தது. அடுத்த வீச்சில் அவன் காலடியில். தூரத்தில் கெங்கம்மாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவது தெரிந்தது.

அவன் பக்கத்தில் நின்ற மனைவியிடம் திரும்பினான். “லோகா, உங்கிட்ட சொல்லாம இத வாங்கினது தப்புதான். எப்படித் தெரிஞ்சுது?”

அவள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். கார்பன் நகல். மூன்றாவது நகல். ஆபீஸில் அது பணம் கொடுக்கிற பிரிவுக்குப் போக வேண்டியது. கைப்பழக்கத்தில், அவள் வீட்டுச் செலவுக்குக் காசு போட்டு வைக்கிற கொள்ளு டப்பாவில் அவனே போட்டிருக்கிறான்.

“நீங்க அந்த மினுக்குற ரீல வாங்கிருவீங்கன்னு இதப் பாத்ததும் தெரிஞ்சிபோச்சு. அம்மா ஊட்டுக்கு வந்தப்ப பாய் கடைக்குப் போனேன். மூணையும் சுத்திப் பாத்தேன். நல்லத எடுத்து வெச்சி, இருநூறு முன்னாடியே கட்டிட்டேன். மினுக்குறது வித்துப்போச்சுன்னு சொல்லுங்க, மிச்சத்துக்கு எங்க ஊட்டுக்காரரு எவ்ளோ கேட்டாலும் குடுத்துருங்கன்னு பாய்கிட்ட சொன்னேன்.”

ஒப்புதல் அளிப்பவர் என்ற கட்டத்தில் இடது பக்கம் சாய்ந்த எழுத்தில் லோகநாயகி என்று கையெழுத்து இருந்தது.

பஸ்ஸில் தான் நிமிர்ந்து நின்றது தேவராஜுக்கு நினைவு வந்தது. வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது; வெட்கம் வரவில்லை. படித்ததற்காக அவனுக்கு நாற்காலி போட்டவர்கள் பலர் உண்டு. அவன் நிற்க ஆசைப்படுகிறான் என்று கண்டுபிடித்து, அதற்கும் சத்தமில்லாமல் பணம் கட்டி, பொட்டும் வைத்தவள் இவள் ஒருத்திதான். நன்றி சொல்ல வாயெடுத்தான்.

“தள்ளுங்க, அம்மா வருது,” என்று தடியை வாங்கிக்கொண்டாள். பீச்சாங்கையில் பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள். தவளை அல்லி இலைகளைத் தாண்டிப் போய், பூ விழுகிற மாதிரி விழுந்தது. வலது கை மெல்லச் சுற்றியது. தண்ணீர் வெடித்தது. ரீல் நரம்பை விட்டுக்கொடுத்தது, இழுத்தது, மறுபடி விட்டுக்கொடுத்தது. அவளுக்கென்றே செய்த சாமான் மாதிரி இருந்தது. வேம்புலி ஓடி வருவதைப் பார்த்ததும் அவள் தடியைச் சட்டென்று கணவன் கையில் திணித்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கி நின்றாள்.

இரண்டு கிலோ விரால் கரையில் துள்ளியது. கெங்கம்மாள் நாற்காலியைப் பாதி வழியிலேயே போட்டுவிட்டு வந்து வாயில் கை வைத்தாள். மருமகனை முதல் முறையாக ஒரு வேலை ஏவினாள்: செவுளில் கை விட்டுத் தூக்கு மாப்ளே, நழுவிடப்போவுது. தேவராஜ் தூக்கினான். அவன் வாழ்க்கையில் அதைவிட இனிமையான கட்டளையைக் கேட்டதில்லை. ஆனால் அவனுக்குப் பொய் செரிக்காது. ஆன்டெனாத் தடிக்கே ஒரு வேளைச் சோறு போயிருந்தது.

“நான் புடிக்கல வேம்புலி. உங்க அக்காதான் புடிச்சா. எனக்கு நல்ல ரீலாப் பாத்து வாங்கிக் குடுத்ததும் அவதான்,” என்றான்.

லோகநாயகி அல்லி இலைகளைப் பார்த்தாள். வேம்புலி மீனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு மாமாவின் கையிலிருந்த ரீலைப் பார்த்தான்.

“ஒனக்கா மாமா? கடையிலயே கைப்பிடியக் கயட்டி அக்கா கைக்கு ஏத்தாப்ல மாத்திப் போட்டவன் நான்தானே.”