வால்டர் சார் வீட்டுச் சிவப்பு பட்டன்

இந்த ஞாயிற்றுக்கிழமை உலகமே தலைகீழாக நின்றாலும் கேரம் ஃபைனலுக்குப் போயே தீருவது, அதுவும் என் மனைவி சிவந்திக்குத் தெரியாமல் போவது என்று முடிவெடுத்தேன். என் பெயர் அறிவு. பெயரை வைத்து என்னிடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

இதைச் சொல்லும்போதே எனக்குக் கை பரபரக்கிறது. ராயபுரத்தில் எங்கள் கிளப் இரட்டையர் ஃபைனல் என்றால் தேர்த் திருவிழா மாதிரி. நானும் அமீரும் ஜோடி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஆடுகிறோம். இப்போதுதான் முதல் முறையாக ஃபைனல். ஒரே தடை சிவந்தி. அவள் அப்பா தண்டையார்பேட்டையில் கேரம் கிளப் நடத்தியவர். இவள் பால் பாட்டிலை வைத்த கையோடு ஸ்ட்ரைக்கரை எடுத்தவள். செமி ஃபைனலை கிளப் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தாள்.

"இன்னாய்யா ஆட்டம் அது? கொசு அடிக்கிறா மாதிரி அடிக்கிற. அமீரண்ணன் இல்லன்னா நீ அம்பேல். ஃபைனலுக்கு உனக்குப் பதிலா நான் ஆடறேன்."

"பொம்பளைங்க வர்ற எடமாம்மே அது?"

"ஆடறது ஆம்பளையா பொம்பளையான்னு போர்டு கேட்டுச்சா?"

"நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"அப்ப நீயும் ஆடாத. ஞாயித்துக்கெயம வாசப்படி தாண்டக் கூடாது. ட்யூட்டிக்குக் கூப்ட்டா போ. இல்லன்னா வூட்லயே குந்து."

ட்யூட்டி. அந்த ஒரு வார்த்தை போதாதா? என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தனியாக இருக்கும் வயசானவர்கள் கழுத்தில் எங்கள் கம்பெனி ஒரு சிவப்பு பட்டனை மாட்டிவிடும். கீழே விழுந்தால் அமுக்க வேண்டியதுதான். வீட்டு டெலிபோனோடு சேர்த்த பெட்டி ஒன்று கூவும். கன்ட்ரோல் ரூமிலிருந்து லுப்னா அந்தப் பெட்டி வழியாகவே பேசி விசாரிப்பாள். பிறகு ஏரியா ஆளுக்கு செல்லில் தகவல் வரும். ராயபுரத்துக்கு நான்தான் ஆள். ஓடிப் போய் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொல்ல வேண்டும் என்பது ரூல். கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வது? அதற்காக ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வைத்திருப்பார்கள். லுப்னா அவர்களையும் கூப்பிடுவாள்.

பக்கத்துத் தெரு வால்டர் சார் ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். மகன் குவைத்தில். அவர் வீட்டுச் சாவி எங்கள் வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்கும். சிவந்தி கொடுக்கும் மீன் குழம்பில்தான் அவர் உயிரே ஓடுகிறது. அவரிடம் போனேன்.

"சார், ஞாயித்துக்கெயம மூணு மணிக்கு பட்டன அமுக்குங்க. வியுந்துட்டேன்னு சொல்லுங்க. கதவத் தெறந்தே வைங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

"நடிக்கணுமா? ஹார்பர் டிராமாவுல நான்தாண்டா ராஜபார்ட்டு. ஆனா ஒண்ணு. நானும் ஃபைனல் பாக்க வருவேன்."

"எப்டி சார் வருவீங்க? வியுந்தவரு வூட்ல கெடந்தாத்தான நம்புவாங்க?"

பெரியவர் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைச் சுழித்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பினேன்.

ஞாயிறு வந்தது. சிவந்தி சட்டையை இஸ்திரி போட்டு அவள் கையாலேயே கொடுத்தாள். முந்தின நாளே நான் பையில் ஸ்ட்ரைக்கரைப் போட்டுத் தயாராக வைத்திருந்த அதே சட்டை. சரியாக மூன்று மணிக்கு செல் அடித்தது. லுப்னா.

"அறிவுண்ணே, வால்டர் சார் வியுந்துட்டாராம். ஓடுங்க."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். உள்ளே நெஞ்சு குத்தாட்டம் போட்டது. திரும்பினால், முந்தானையை இழுத்துச் செருகி, சாவியும் கையுமாக வாசலில் நிற்கிறாள் சிவந்தி.

"நீ எதுக்கும்மே?"

"சாவி யாருகிட்ட கீது? லுப்னா எனக்குந்தான் போன் பண்ணா. பேஜாரு பண்ணாம ஓடியா."

ஓடினோம். ஓடுவதற்கென்றே சம்பளம் வாங்கும் நான் பின்னால், அவள் முன்னால். அவசரத்தில் செல்லை வீட்டிலேயே விட்டுவிட்டேன். திறந்திருக்க வேண்டிய கதவு உள்ளே பூட்டியிருந்தது. சிவந்தி சாவி போட்டுத் திறந்தாள்.

வால்டர் சார் தரையில் கிடந்தார். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, படிய வாரிய தலை. கண்ணடித்தார். எனக்குத்தான் என்று நினைத்தேன்.

"நைனா, இன்னா ஆச்சு?"

"இடுப்பும்மா. பின்னாடி ரூம்ல தைலம் கீது."

"யோவ், போய் எடுத்தா."

போனேன். தைலம் இல்லை. கட்டில் மேல் ஒரு கேரம் போர்டு இருந்தது. சற்று முன்தான் ஆடியது போல அதில் பவுடர் கலையாமல் இருந்தது. ஏதோ உறைக்க, வெளியே ஓடி வந்தேன். தரையில் ஆளில்லை. வாசல் கதவில் வெளியிலிருந்து சாவி திருகும் சத்தம் கேட்டது.

ஜன்னலில் சிவந்தி. அவளுக்குப் பின்னால் ஆட்டோ. ஆட்டோவுக்குள் வால்டர் சார்.

"பெருசு, நீங்களுமா?"

"நீ கூட்டினு போ மாட்டேன்ன. சிவந்திகிட்ட சொன்னேன். அது கூட்டினு போறேன்னுச்சு. நான் இன்னா செய்யறது?"

"சிவந்தி, அமீர் ஒத்துக்க மாட்டான்."

"ரெண்டு நாளா அமீரண்ணன் இந்த நைனா வூட்ல என்கூடதான் ப்ராக்டீஸ் பண்ணிகினு கீறாரு."

"ஸ்ட்ரைக்கர் இல்லாம இன்னா ஆடுவ?" என்று சட்டைப் பையைத் தட்டினேன். காலி. இஸ்திரி போட்டவள் ஜன்னல் கம்பிக்கு வெளியே ஸ்ட்ரைக்கரைத் தூக்கிக் காட்டினாள்.

ஆட்டோ போயே போய்விட்டது. தெருவைப் பார்த்துக் கத்தினேன். ஈ காக்கைகூட இல்லை. எல்லாரும் ஃபைனலுக்குப் போய்விட்டார்கள். நாலு மணி தாண்டியது. என் ஃபைனல் நான் இல்லாமல் நடக்கிறது என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. கதவோரம் ஆணியில் வால்டர் சார் கழற்றி மாட்டிவிட்டுப் போன சிவப்பு பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டு அமுக்கினேன்.

"வால்டர் சார், லுப்னா பேசறேன். பயப்படாதீங்க."

"நான் அறிவும்மா. உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போய்ட்டாங்க. யாரையாச்சும் அனுப்பு."

"இருங்கண்ணே, ராயபுரத்துக்கு இன்னிக்கி ட்யூட்டி ஆளு..." காகிதம் புரட்டும் சத்தம். "நீங்கதாண்ணே. எங்க கீறீங்க?"

"உள்ள."

"அப்ப வந்துட்டீங்கன்னு போட்டுக்கறேன்."

"சாவி வெச்சினு கீறவங்களக் கூப்புடும்மா."

பெட்டி வழியாக அவள் வேறு போனில் பேசுவது கேட்டது. பிறகு லுப்னாவின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது.

"சிவந்தியக்காகிட்ட பேசிட்டேண்ணே. ரெட் காயினப் போட்டு, அதுக்கு ஃபாலோ காயினும் போட்டுட்டாங்களாம். கிளப்பே விசில் அடிக்குது. கப்ப வாங்கிகினு வந்து தெறக்கறாங்களாம்."

"அதுவரைக்கும் நான் இன்னா செய்யறது?"

"ரூல் தெரியாதாண்ணே? வந்த ஆளு கையப் புடிச்சு தைரியம் சொல்லணும்."

என் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க சார்" என்றேன்.