செல்வி வரைந்த குருசு

பக்கத்து வீட்டுச் சுவரில் ட்ரில் இறங்கும் சத்தம் கேட்டால் போதும், என் வலது கை என்னைக் கேட்காமலே நெற்றிக்குக் கிளம்பிவிடும். ஒப்புக்கொள்கிறேன்: என் தியேட்டர் வாழ்க்கையைத் தொடங்கும் முன்பே முடித்துவைக்கப் பார்த்தது இந்தக் கைதான்.

நாகர்கோவிலில் எலும்பு ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் பயிற்சி. கடைசி நாள் செய்முறைத் தேர்வு. தேறினால் தியேட்டர், இல்லாவிட்டால் பழையபடி வார்டு. எனக்குத் தியேட்டர்தான் வேண்டும்! உளி, சுத்தியல், ரம்பம், ட்ரில் எல்லாம் மின்னும் அந்த மேசையை (தச்சுப்பட்டறையை வெந்நீரில் குளிப்பாட்டி வைத்ததுபோல்!) பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு கனவே இல்லை.

மேசையில் பிளாஸ்டிக் தொடையெலும்பு. முழங்கைவரை தேய்த்துக் கழுவி, கவுன் மாட்டி, கையுறை போட்டு நின்றேன். இனி கிருமி நீக்கிய பொருளைத் தவிர எதையும் தொடக்கூடாது, சொந்த முகத்தைக்கூட. நானோ குளச்சல் கத்தோலிக்கக்காரி. பஸ் கிளம்பினாலே குருசு, அதாவது சிலுவை அடையாளம், வரைகிறவள். தேர்வும் கிளம்பியது. நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள். பரம திருப்தி!

“கையுறை போச்சு, கவுனும் போச்சு,” என்றார் தேர்வு நடத்திய தங்கம் சிஸ்டர். “போயி மொதல்ல இருந்து கழுவு மக்களே.”

இரண்டாம் முறை கைகளை நெஞ்சோடு பூட்டிக்கொண்டேன். ட்ரில் ‘ர்ர்ர்’ என்றது. “யேசுவே!” பூட்டு உடைந்தது.

“இனி ஒரு தடவதான், கேட்டியா? எங்க சபையிலயும் ஜெபம் உண்டு. நாங்க கையை அனக்காம, ஆட்டாமத்தான் ஜெபிக்கோம்,” என்றார் சிஸ்டர்.

மூன்றாம் முறை கவுனின் பின்கயிற்றைக் கட்ட வந்தவள் செல்வி. என்னோடு படித்தவள், ஆரல்வாய்மொழிக்காரி, குருசே வரையாத அய்யாவழிக் குடும்பம். அன்று அவளுக்குக் கையுறை போடாத வெளிவேலை, தன் முகத்தைத் தொடத் தடையில்லை. ட்ரில்லை எடுத்து நீட்ட வேண்டிய நொடி. என் கை துடித்தது.

“ஏட்டி, அனங்காத. ஒனக்குள்ளத நான் வரைஞ்சிருதேன்.”

தன்மேலேயே வரைந்தாள். நெற்றி, வயிறு, பிறகு தோள்கள் இடம் வலம் மாறி, அவள் ஊர்க் காற்றாலை சுழல்வதுபோல! என் கை அடங்கியது. ட்ரில்லை நீட்டினேன். தங்கம் சிஸ்டர் முகக்கவசத்துக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. தேறிவிட்டேன்!

அன்றுமுதல் ஒரே தியேட்டர், இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் குருசு. வீட்டில் நான் மீன் கழுவும்போது இடி இடித்தால் மகள் ஓடிவருவாள்: “அம்மா, நான் வரையட்டா?”

போன மாதம் செல்விக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. விமான நிலைய வாசலில் அவளுடைய இரண்டு பைகளையும் தூக்கி நின்றேன். கண்ணைத் துடைக்கக்கூடக் கை இல்லை. பைகளை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள்.

“அங்க நேரம் ஒன்றரை மணிக்கூர் பொறகாக்கும் ஏட்டி. நான் வரையது வரைக்கும் கையை அனக்காத!”