நான் போட்ட மிளகாய் ஊறுகாய்

ஊரில் எந்தப் பூட்டைக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் திறந்துவிடுவேன். அது என் தொழில். ஆனால் என் வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சுகர் என்று டாக்டர் சொன்ன அன்றே மனைவி அதை எங்கோ ஒளித்துவிட்டாள். பூட்டி வைத்திருந்தாலாவது ஒரு வழி உண்டு.

நான்கு மாதம் பொறுத்தேன். பிறகு சபதம் எடுத்தேன். அவள் கண் முன்னாலேயே இனிப்பு செய்வது, அவள் கண் முன்னாலேயே தின்பது.

வழி சொன்னவர் கடைக்குச் சாவி செய்ய வந்த ஒருவர். மிளகாயை வட்டமாக நறுக்கி, வினிகரும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய பாகில் ஊறவைத்தால் தித்திப்பும் காரமுமாக இருக்குமாம். மிளகாய்க்குள் சர்க்கரை இருக்கும் என்று எந்தப் பெண்டாட்டி சந்தேகப்படுவாள்? மிளகாயை ஒதுக்கிவிட்டுப் பாகை வழித்துச் சாப்பிட வேண்டியதுதான். ஒரு கிலோ சர்க்கரை வாங்கி, காலி உப்புப் பாக்கெட்டில் கொட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"மிளகாய் ஊறுகாய் போடப்போறேன்."

"நீங்களா?"

"நான்தான்."

"அதுக்கு ஒரு கிலோ உப்பா?"

"கெட்டுப்போகாம இருக்கணும்ல."

"சரி, போடுங்க."

அங்கேதான் என் குழப்பம் ஆரம்பித்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் ஒரே தடவையில் சரி சொன்னதில்லை.

வினிகரில் என் 'உப்பை'க் கொட்டி அடுப்பில் ஏற்றிவிட்டு, அரைக் கிலோ பச்சை மிளகாயை நறுக்கினேன். கை எரிந்தது. அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்தேன். அப்புறம் அடுப்பு எந்தப் பக்கம், வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. அவள்தான் இழுத்துப்போய்க் குழாயடியில் நிறுத்தி முகத்தில் தண்ணீர் அடித்தாள்.

"இருங்க, உங்க உப்பு பொங்குது" என்று ஓடிப்போய் அடுப்பைத் தணித்தாள். உப்பு பொங்குமா என்று அவள் கேட்கவில்லை. நானும் விளக்கவில்லை.

மிளகாயைப் பாகில் ஐந்து நிமிடம் வேகவிட்டு எடுத்து, பாகை இன்னும் கெட்டியாக்கி, பாட்டிலில் அதன்மேல் ஊற்றினேன். ஒரு வாரம் ஊற வேண்டும். மூன்றாம் நாளே பாட்டிலைச் சுற்றி எறும்பு.

"ஏங்க, ஊறுகாய்க்கு எறும்பு வருமா?"

"இந்த எறும்புக்குக் காரம் பிடிக்கும்போல."

"பாவம், நாக்கு செத்துப் போயிருக்கும்" என்று ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, பாட்டிலைப் பத்திரமாக நடுவில் வைத்தாள்.

இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் கத்தவில்லை? தெரியாவிட்டால் ஏன் இவ்வளவு கரிசனம்? அந்த வாரம் நான் செய்த சாவி ஒன்றுகூடப் பூட்டுக்குள் போகவில்லை.

ஏழாம் நாள் மாலை கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு ஓடினேன். மேசையருகே மனைவியும் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு ரொட்டி. ரொட்டி மேல் பளபளவென்று என் பாகு.

"வாங்க. உங்க ஊறுகாய்ல தண்ணி ஜாஸ்தி. வடிச்சிட்டேன்."

"வடிச்சிட்டியா?"

"வெறும் உப்பும் வினிகரும்தானே? கீழ கொட்டத்தான் போனேன். அக்காதான் தொட்டுப் பாக்கலாம்னாங்க."

"தம்பி, இப்படி ஒரு உப்புத்தண்ணிய நான் பார்த்ததே இல்ல" என்று தையல்காரம்மா விரலைச் சப்பினார்.

அது பாகு என்று சொன்னால் மாட்டிக்கொள்வேன். சொல்லாவிட்டால் தீர்ந்துவிடும். எது மேல் என்று கணக்குப் போட்டேன். அதற்குள் ரொட்டி தீர்ந்தது. மிச்சம் தையல்காரம்மாவின் டப்பாவுக்குள் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது.

மனைவி என் முன்னால் ஒரு கிண்ணத்தை வைத்தாள். நிறைய மிளகாய் வட்டங்கள்.

"உப்பு உடம்புக்கு ஆகாதுன்னு நாலு தண்ணில அலசிட்டேன். சாப்பிடுங்க."

ஒன்றை வாயில் போட்டேன். தித்திப்பு மட்டும்தான் போயிருந்தது.

"நல்லாருக்கா?"

தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

"அப்ப அடுத்த வாரமும் போடுங்க. அக்காவோட தங்கச்சிக்கும் ஒரு பாட்டில் தண்ணி வேணுமாம்."