அர்பாபுக்கு எடுத்த ஆரத்தி

எனக்கு ஆறு மொழிகளில் பயப்படத் தெரியும். தமிழ், மலையாளம், இந்தி, அரபி, இங்கிலீஷ், லாவோ. முதல் ஐந்தும் வளைகுடாவுக்குப் போகிற எவனுக்கும் ஒட்டிக்கொள்வதுதான். ஆறாவது மட்டும் என் சொந்த முட்டாள்தனம். தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் நடுவில் லாவோஸ் என்று ஒரு நாடு இருக்கிறது. அந்த நாட்டு மொழியை நான் துபாய் ஜெபல் அலியில், லேபர் கேம்ப் மெஸ் ஹாலில் உட்கார்ந்து எட்டு மாதம் படித்தேன். எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் வாத்தியாருக்குப் பயந்து பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஏறிக் குதித்தவன் நான். (குதித்த இடத்தில் அவரே சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். அது தனி அவமானம்.)

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ஒரு பைப் கம்பெனியின் கேம்ப் லாண்டரியில் எனக்கு டூட்டி. முந்நூறு பேருடைய நீலக் கவரால்களை, அதாவது சட்டையும் பேண்டும் ஒன்றாகத் தைத்த வேலை உடுப்புகளை, துவைத்து, காயவைத்து, நம்பர் பார்த்து அடுக்க வேண்டும். நல்ல வேலை. அதைக் கெடுத்தவர் ஸ்டோர்கீப்பர் சாகுல் பாய், கீழக்கரைக்காரர்.

"ராசு, சங்கதி தெரியுமா? நம்ம கம்பெனிக்கு லாவோஸ்ல பெரிய டேம் வேலை வருது. அந்த பாஷை தெரிஞ்சவனுக்கெல்லாம் சூப்பர்வைசர் போஸ்ட்டு."

"யாரு பாய் சொன்னது?"

"சொன்னவரைச் சொல்ல முடியாது தம்பி. பெரிய இடம்."

(பெரிய இடம் என்பது ஆபீஸில் டீ போடுகிற ஆள் என்று பின்னால் தெரிந்தது.)

பாஷைக்கு எங்கே போவது என்று நான் கவலைப்பட்டு முடிப்பதற்குள் அதற்கும் ஆள் கிடைத்தது. எங்கள் பிளான்ட் என்ஜினீயர் ஒரு மலையாளி. அவர் மனைவி பூன்மி மேடம் லாவோஸ்காரர். எங்கே பார்த்தார், எப்படிக் கட்டினார் என்பதைப் பற்றி கேம்பில் பதினேழு கதைகள் ஓடின. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அந்த அம்மா மலையாளத்தை வெளுத்து வாங்கினார். ஆகவே, அரபு நாட்டில், லாவோ மொழியை, மலையாளம் வழியாக, தமிழர்கள் படித்தோம்.

"பைசா வேண்டா," என்றார் மேடம் முதல் வெள்ளிக்கிழமையே. "சேவனம் மதி."

அதாவது ஃபீஸுக்குப் பதில் தொண்டு. காலையில் இரண்டு மணி நேரம் பாடம். அதன் பிறகு கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்க வேண்டும். நடக்க முடியாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் நாற்காலிக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். கேம்பே சிரித்தது. "ஆறு நாள் டூட்டி, ஏழாவது நாள் ஓசி டூட்டி. சூப்பர்வைசர் சார், பெயிண்ட் மூஞ்சியில இருக்கு." ஏழு பேராக ஆரம்பித்தோம். அந்த மொழியில் ஒரே எழுத்துக்கூட்டை ஆறு விதமாக இழுத்தும் குறுக்கியும் சொல்ல வேண்டும் என்று தெரிந்ததும் நாலு பேர் அடுத்த வாரம் வரவில்லை. மீதி மூன்று பேரில் நான் முதல் மாணவன். அறிவினால் அல்ல. நிறுத்தினால் மேடம் கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தினால்.

பாஷையைவிட மரியாதைதான் மேடத்துக்கு முக்கியம். அவர்கள் ஊர் வணக்கம் 'சபாய்தீ'. அதைச் சொல்லும்போது நம்மைப் போலவே கை கூப்ப வேண்டும். நாங்கள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சொன்னால் மேஜையைத் தட்டுவார். "கை கூப்பாதெ சபாய்தீ பறயருது!" கை கூப்பாமல் அதைச் சொல்லவே கூடாதாம். எட்டு மாதம் அடித்துத் துவைத்ததில், அந்தச் சொல் வாயில் வந்தால் என் இரண்டு கையும் எலிப்பொறி மாதிரி 'டப்' என்று ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்தேன். எட்டு மாதத்தில் எனக்கு உருப்படியாக வந்த பாடம் அது ஒன்றுதான்.

இதற்கிடையில் ஊரில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பரமக்குடிப் பக்கம் பெண். வளர்மதி. பிளஸ் டூ பாஸ். வைகாசியில் முகூர்த்தம். பத்திரிகை அடித்தாகிவிட்டது, மாப்பிள்ளைக்குத்தான் லீவு வரவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியிடம். கையெழுத்து அர்பாபிடம். அர்பாப் என்றால் முதலாளி. வயதான அரபி, மாதத்துக்கு ஒருமுறை காரில் வந்து காரிலேயே போவார். பங்குனி முடியப் போகிறது, என் மனு எந்த மேஜையில் தூங்குகிறது என்றே தெரியவில்லை. நான் இல்லாமலே தாலி கட்டிவிடுவார்களோ என்று கற்பனை செய்து, கட்டப்போகிறவன் யார் என்றும் முடிவுசெய்து, அவனை மனதுக்குள் அடித்துக்கொண்டிருந்தேன்.

மேடம்தான் வழி சொன்னார். லாவோஸ் புத்தாண்டும் நம் சித்திரைப் பிறப்பும் கிட்டத்தட்ட ஒரே நாளில் வரும். அன்று பெரியவர்கள் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்குவது அவர்கள் வழக்கம். மெஸ் ஹாலில் விழா. தொண்டு செய்யும் தொழிலாளர்களைப் பார்க்க அர்பாபே வருகிறார். முதல் தண்ணீர் அவருக்கு. ஊற்றுவது முதல் மாணவன். "நல்ல நேரம் நோக்கி ஞான் லீவு காரியம் பறயாம். பேடிக்கண்டா ராஜு." சமயம் பார்த்து லீவு விஷயத்தை அவரே பேசுவாராம். பேடிக்கண்டா என்றால் பயப்படாதே. என்னிடம் அதைச் சொல்வது மீனிடம் நனையாதே என்று சொல்வதற்குச் சமம்.

பத்து நாள் ஒத்திகை. முதலில் சபாய்தீ சொல்லிக் கை கூப்பு. பிறகு கிண்ணத்தை எடு. பிறகு உள்ளங்கையில் கொஞ்சமாக ஊற்று. வெறுந்தண்ணீர் ஊற்றிப் பழகினேன், ஒரு துளி சிந்தவில்லை.

விழா அன்று காலை, தண்ணீரில் பூப் போட்டு வைக்கும் பொறுப்பும் எனக்கு. மல்லிகையைக் கிள்ளிப் போட்டேன். பார்த்தால் சப்பென்று இருந்தது. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் மஞ்சள் நீராட்டில் வளர்ந்தவனுக்கு, மஞ்சள் இல்லாத தண்ணீரில் என்ன மங்களம் இருக்க முடியும்? லாவோஸ்காரர்களுக்கு விவரம் பத்தவில்லை, நாம் திருத்துவோம் என்று தோன்றியது. (வாழ்க்கையில் எனக்குத் துணிச்சல் வந்தது அந்த ஒரு நிமிடம்தான்.) மெஸ்ஸில் போய் மஞ்சள்தூள் டப்பாவை வாங்கி, தாராளமாகக் கொட்டிக் கலக்கினேன். தண்ணீர் தங்கமாகத் தகதகத்தது.

அர்பாப் வந்தார். கந்தூரா என்று அவர்கள் போடும் கழுத்திலிருந்து கணுக்கால் வரையிலான அங்கி, பால் வெள்ளை, கஞ்சி போட்டுத் தேய்த்தது. தொழில்காரன் கண்ணுக்கு அந்தத் தேய்ப்பு கோயில் கோபுரம். நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தபடி இரண்டு உள்ளங்கையையும் நீட்டினார்.

பதற்றத்தில் வரிசை மாறிப்போனது. முதலில் கிண்ணத்தை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் வணக்கம் சொல்லவில்லை என்று ஞாபகம் வந்தது.

"சபாய்தீ!" என்று கத்தினேன்.

எலிப்பொறி வேலை செய்தது. இரண்டு கையும் 'டப்'. நடுவில் இருந்த கிண்ணம் எம்பி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, அர்பாபின் மார்பில் கவிழ்ந்தது. தங்கத் தண்ணீர் கழுத்திலிருந்து மடிக்கு இறங்கி, மடியில் குளம் கட்டி, செருப்புக்குப் போனது. மூக்கு நுனியில் ஒரு மல்லிகை.

"யே க்யா ஹை?" என்றார் அர்பாப், இது என்ன என்று. கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

"மாஃபி முஷ்கில்!" என்றேன் நான். பிரச்சினை ஒன்றும் இல்லையாம். பிரச்சினை அவர் மேலெல்லாம் சொட்டிக்கொண்டிருக்கும்போது. "அர்பாப், மேரா டூட்டி லாண்டரி! பாஞ்ச் மினிட்!"

அந்தப் பெரிய மனிதர் என்னை நம்பினார், அதுதான் கொடுமை. பக்கத்து அறையில் கந்தூராவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனும் இடுப்பில் கட்டிய வெள்ளைத் துணியுமாக உட்கார்ந்தார். நான் லாண்டரிக்குப் பறந்தேன். சோப்புத்தூள் இரண்டு கை அள்ளிப் போட்டுக் கசக்கினேன்.

மஞ்சள் சிவந்தது.

இன்னும் இரண்டு கை போட்டேன். ரத்தமானது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் என்பது ஆரத்தித் தட்டைப் பார்த்த கைக்குழந்தைக்கும் தெரியும். சோப்பும் அதே வேலையைச் செய்யும் என்று லாண்டரிக்காரனான எனக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. மூன்று வருஷமாக நான் துவைத்ததெல்லாம் நீலக் கவரால். அதில் குழம்பு கொட்டினாலும் கொலை நடந்தாலும் நிறம் ஒன்றுதான்.

சாகுல் பாய் ஓடி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "யா அல்லா! ஆடு அறுத்தியா?"

"இல்ல பாய்... மஞ்சளு..."

"மஞ்சளா? முதலாளிக்கு ஆரத்தியே எடுத்துட்டியேடா! பொட்டு வைக்கிறது ஒண்ணுதான் பாக்கி. அதையும் வச்சுட்டு வா, போவோம்."

கேம்பில் அர்பாப் உடம்புக்கு ஓரளவு பொருந்தியது ஒரே ஒரு கவரால்தான். கிரேன் ஆபரேட்டருடையது. அதிலும் வயிற்றுக்கு மேல் ஜிப் ஏறவில்லை. கம்பெனி முதலாளி நீலக் கவராலில், முதுகில் நம்பரோடு, தன் காரை நோக்கி நடந்தார். ஓவர்டைம் ஆட்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டிருந்த ஃபோர்மேன் முதுகை மட்டும் பார்த்துக் கத்தினான். "யல்லா மோட்டே! ஜல்தி ஏறு!" மோட்டே என்றால் குண்டா. அர்பாப் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு வினாடி, கேம்பில் என்னைவிடப் பயந்த இன்னொருவனைக் கண்டேன். ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள், கேம்புக்குப் பொறுப்பான கேம்ப் பாஸ் ஒரு கவரைக் கொடுத்தார். பாஸ்போர்ட், டிக்கெட், இங்கிலீஷில் ஒரு காகிதம். "அர்பாப் அனுப்பினாரு. நாளைக்குக் கிளம்பு."

லீவு மனுவுக்கு மாதக்கணக்கில் அலைய விடும் கம்பெனி, யாருக்கு இவ்வளவு வேகமாகப் பாஸ்போர்ட் கொடுக்கும்? துரத்தப்படுகிறவனுக்குத்தான். கேன்சல் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. காகிதத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களிடம் காட்ட தைரியம் கிடையாது. "அர்பாப் சிரிச்சு, ராஜு," என்றார் மேடம். அர்பாப் சிரித்தாராம். பாவம், நல்ல மனசு, பொய் சொல்லித் தேற்றுகிறார் என்று நினைத்தேன். ஏர்போர்ட் கவுண்டரில் டிக்கெட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். மீதி ரசீதாக்கும் என்று கவருக்குள் திணித்து, ஊரில் டிரங்குப் பெட்டியின் அடியில் புதைத்தேன்.

கல்யாணம் நடந்தது. வாசலில் ஆரத்தித் தட்டு வந்ததும் நான் அலறிப் பின்வாங்கி மாமனார் காலை மிதித்தேன். மாப்பிள்ளைக்குக் கூச்சம் என்றார்கள். 'துபாய் வெயில் ஒத்துக்கலை' என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டேன். மூன்றாம் மாதம் சாகுல் பாயிடமிருந்து தமிழில் கடிதம். "எப்ப வர்றே? அர்பாப் உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காரு." பிடித்து உள்ளே போடத்தான் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு, பதிலே போடவில்லை. அவ்வளவு புத்திசாலி.

ஏழாவது மாதம் ரேஷன் கார்டு தேடிப் பெட்டியைக் குடைந்த வளர்மதி, கவரும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

"என்னங்க, இதுல லீவுன்னு போட்டிருக்கு."

"கேன்சல்னு இருக்கும். நல்லாப் பாரு."

"எனக்கு இங்கிலீஷ் தெரியும். கல்யாணத்துக்கு அறுபது நாள் லீவு. முடிஞ்சதும் டூட்டிக்கு வரணும். இது ரிட்டன் டிக்கெட்டு. கீழ கையால ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கு."

"என்ன எழுதியிருக்கு?"

அவள் இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "வரும்போது மஞ்சள் கொண்டு வர வேண்டாம்."

ஆறு மாதம் வெளியில் இருந்தால் விசா செத்துவிடும். ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. என் வேலையை அர்பாப் கேன்சல் செய்யவில்லை. நானே கேன்சல் செய்து, நானே பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். வளர்மதி திட்டவில்லை. ரேஷன் கார்டு கிடைத்ததா என்று கேட்டேன். அப்போதுதான் திட்டினாள்.

லாவோஸில் அந்தக் கம்பெனிக்கு எந்த டேமும் வரவில்லை. இஸ்திரி வண்டி கடையானபோது வளர்மதிதான் பெயர் வைத்தாள்: லாவோஸ் லாண்டரி. இன்றைக்கும் வீட்டுக்கு எந்தக் கவர் வந்தாலும், கரண்ட் பில் ஆனாலும் கல்யாணப் பத்திரிகை ஆனாலும், "அப்பா கையில குடுக்காத, ஏழு மாசம் ஆகும்" என்கிறார்கள் பிள்ளைகள்.

போன ஆவணியில் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. ஆறு டம்ளர் காபியோடு தட்டை ஏந்தி நான் அவன் முன்னால் குனிந்தேன். கடைப் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, மரியாதையாகக் கேட்டான்.

"மாமா லாவோ மொழியெல்லாம் படிச்சிருக்கீங்களாமே! அங்க வணக்கத்துக்கு என்ன சொல்லுவாங்க?"

அடுப்படியிலிருந்து வளர்மதி அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"மொதல்ல அவர் கையில இருக்கிற தட்டை வாங்குங்க!"