லட்டு குரைக்காமல் இருக்க ஒரு திட்டம்

பிரசாத்தின் பட்டு வேட்டி நுனி லட்டுவின் வாயில் இருந்தது. அவன் இரண்டு கைகளிலும் வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், பூ அடுக்கிய தாம்பாளம். அதைக் கீழே வைத்தால் வேட்டி பிழைக்கும். ஆனால் ஒத்திகை கெட்டுப்போகும்.

"தட்ட விட்டுடாதீங்க தம்பி!" என்று சோபாவில் சாய்ந்தபடியே உற்சாகப்படுத்தினார் ராஜமாணிக்கம். ஓய்வு பெற்ற தாசில்தார். வேங்கிக்காலில் புது வீடு கட்டி வந்தவர். லட்டு அவருடைய நாய்.

நாய்களின் கெட்ட பழக்கங்களை மாற்றத் திட்டம் எழுதிக் கொடுப்பது பிரசாத்தின் தொழில். ஒவ்வொரு நாய்க்கும் தனித் திட்டம். செங்கம் ரோட்டில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களின் நாய்கள் சில அவனால் திருந்தியிருக்கின்றன. உள்ளூரில் அவனை நம்பிக் கூப்பிட்ட முதல் ஆள் ராஜமாணிக்கம்தான். இது சரியாக அமைந்தால் ஊரே கூப்பிடும். சொதப்பினால் கடையை மூட வேண்டியதுதான்.

முதல் நாள் பிரச்சினையைச் சொன்னபோது அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எம்பொண்ணு நந்தினிய பொண்ணு பாக்க வர்றவங்கள எல்லாம் குரைச்சே தொரத்திடுது தம்பி. மூணு எடம் தட்டிப்போச்சு. தட்டோட ஆளப் பாத்தாலே இதுக்கு ஆவறதில்ல."

பிரசாத் யோசித்துத் திட்டம் எழுதினான். பெண் பார்க்கும் சடங்கை அப்படியே திரும்பத் திரும்ப நடித்துக் காட்ட வேண்டும்; நாய்க்கு அது பழகிவிடும். மாப்பிள்ளையாக நடிக்க வேறு ஆள் அமையாததால் அவனே பட்டு வேட்டி கட்டிக்கொண்டான்.

அதன் விளைவுதான் இந்த இழுபறி. நந்தினி கேசரித் தட்டோடு வெளியே வந்ததும் லட்டு வேட்டியை விட்டது. கேசரியில் வாய் வைத்தது. நந்தினி விழுந்து விழுந்து சிரித்தாள். நாயைக் கவனிக்க வந்தவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஒத்திகையில் லட்டு இன்னும் பலமாகக் குரைத்தது.

"நாய் நம்ப மாட்டேங்குது தம்பி. நிஜம் மாதிரி இல்ல," என்றார் ராஜமாணிக்கம். "சரி, என்ன நட்சத்திரம்?"

"நாய்க்கா சார்?"

"உங்களுக்குங்க. பொண்ணு பாக்குற எடத்துல கேப்பாங்க இல்ல?"

"ரோகிணி."

"குடிப்பழக்கம் உண்டா?"

"சார், அதெல்லாம் நாய்க்கு எதுக்கு..."

"நிஜம் மாதிரியே நடக்கணும்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

"இல்ல சார், குடிக்கறதில்ல."

கூட்டத்தைப் பார்த்தால் நாய் என்ன செய்யும் என்றும் சோதிக்க வேண்டியிருந்தது. அம்மா கஸ்தூரியையும் மாமா முருகவேலையும் பிரசாத் அழைத்து வந்தான். லட்டு பாய்ந்து வந்த வேகத்தில் மாமா நாற்காலி மேல் ஏறி நின்றார். பக்கத்து வீட்டு சந்திரகலா காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் சமையலறையில் நந்தினியோடு கதை பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு வாட்டி வந்தா நாய்க்குப் பத்தாதுடா. அடுத்த வாரமும் வரலாம்," என்றார் கிளம்பும்போது. மகனின் தொழில் மீது அம்மாவுக்கு இவ்வளவு அக்கறை வந்தது பிரசாத்துக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு வழியாக லட்டு திருந்தியது. தாம்பாளத்தைக் கண்டால் வாலை ஆட்டியது. பிரசாத்தின் காலில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"கெட்டிக்காரன் தம்பி நீங்க! ஞாயித்துக்கெழம வேலூர்லேர்ந்து மாப்ள வீட்ல வர்றாங்க. நீங்களும் அதே வேட்டியோட வந்துடுங்க. அம்மா, மாமாவையும் கூட்டிட்டு வாங்க. நாய்க்குப் பழகின மொகம் பாருங்க!"

தொழிலில் ஜெயித்த பிரசாத்துக்கு அழுகை வந்தது. நந்தினி இல்லாமல் இனி ஒரு வாரத்தைக்கூட ஓட்ட முடியாது என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. ஒரு நாய் குரைக்க வேண்டும் என்று அண்ணாமலையாரை அவன் வேண்டிக்கொண்டது அதுவே முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை வீடு மணத்தது. அம்மா, மாமாவோடு வந்த பிரசாத்துக்குப் பட்டுப்புடவையில் நந்தினியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"அந்த மாப்ளய உங்களுக்குப் புடிச்சிருக்கா?" என்று மெல்லக் கேட்டான்.

"ரொம்பப் புடிச்சிருக்குங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

பிரசாத் நொறுங்கிப்போனான். குனிந்து லட்டுவின் காதில் கெஞ்சினான்.

"அவங்க வந்ததும் ஒரே ஒரு தடவ குரைடா. பிரியாணி வாங்கித் தரேன்."

லட்டு அவன் மூக்கை நக்கியது.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. யாரும் வரவில்லை. அப்போது முழம் முழமாக மல்லிகையோடு சந்திரகலா உள்ளே வந்தாள். பிரசாத் எழுந்து அவளிடம் போனான்.

"அக்கா, வேலூர் மாப்ள வீட்டு வண்டி எதுனா தெருவுல வருதுங்களா?"

சந்திரகலா அவன் அம்மா கஸ்தூரியின் தலையில் பூ வைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"எந்த வேலூரு? இந்த வீட்டுக்குப் பொண்ணு பாக்கன்னு இதுவரைக்கும் வந்த ஒரே மாப்ள நீங்கதான் தம்பி. அதுவும் இத்தினி வாட்டி!"