ஒரு சாண் கொடியும் ஒரு பலாப்பழமும்

கொடிகளில் இரண்டு வகை உண்டு. கட்சிக்காரர்கள் கட்டுவது அகலக் கொடி. 'இது எங்க ஏரியா, தள்ளி நில்லு' என்று படபடக்கும். ஒல்லிக் கொடி யாரையும் அதட்டாது. ஆடி மழையில் பண்டரிபுரத்துக்கு நடக்கிற மராத்திக்காரர்களின் தோளில் சாய்ந்திருக்கும் காவிக் கொடி, தர்காவில் ஏறுகிற பச்சைத் துணி, எங்கள் தாராவி மாரியம்மன் கோயில் கம்பத்தில் ஏறுகிற மஞ்சள் கொடி, எல்லாமே ஒல்லிதான். அவை சொல்வதும் ஒன்றுதான்: 'இங்கே விசேஷம், வாங்க.' இதை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததாக நினைத்துவிடாதீர்கள். பலாப்பழம் சுமந்து கற்றுக்கொண்டது.

அந்த ஆண்டு கோயில் கொடியைத் தைத்தவன் நான். தாராவியில் ஒரு தையல் பட்டறையில் எனக்கு வேலை. கொடி அகலம் ஒரு சாண், நீளம் என்னைப்போல் இரண்டு ஆள். உச்சியில் சூரியனும் சந்திரனும், அடுத்து சூலம், அதன்கீழ் அம்மனின் சிங்கம். நூல் நூலாக இழைத்துத் தைத்திருந்தேன். என் நண்பன் யூசுப் பார்த்துவிட்டு, "பூனை நல்லாருக்குலே" என்றான். (அவன் பக்கத்துச் சந்தில் தோல் பை தைக்கிறவன். அவன் பைகளின் லட்சணம் எனக்குத் தெரியும்.)

கொடி ஏறிவிட்டால் அது இறங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டிப் போய்த் தங்கக் கூடாது என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முறை. அங்கே எல்லைக்கு ஒரு ஓடையோ கல்லோ இருக்கும். பம்பாயில் எல்லை எது? கோயிலில் இதற்கென்று பெரிய வாக்குவாதமே நடந்தது. சயான் ரயில் பாலம்தான் எல்லை என்றார் ஒருவர். "லோக்கல் டிரெயின் பாஸ் செல்லுத இடமெல்லாம் ஊர்தான்வே!" என்றார் முலுண்டில் வேலை பார்க்கிற இன்னொருவர். ஆளாளுக்குத் தோதாக எல்லை நகர்ந்துகொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா எனக்கு, பம்பாயைத் தாண்டி அம்பர்நாத்தில், ஒரு பெண் பார்த்தாள். அதற்குமுன் பேசிய இடங்களில் எல்லாம் பெண் வீட்டார் கடைசியில் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். வீடென்றால் ஒற்றை அறை, இந்த ஊரில் கோலி என்பார்கள். அதற்குள் நான், அம்மா, தையல் மெஷின், அரிசி மூட்டை. நாலு பேர் உட்கார்ந்தால் அடுத்த ஆள் வாசலில் நிற்க வேண்டும். வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, "போன்ல சொல்லுதோம்" என்று போவார்கள். அந்த போன் வந்ததே இல்லை. இன்னொரு தடவை அதற்காகக் காத்துக் கிடக்க எனக்குத் தெம்பு இல்லை. பெண்ணின் போட்டோவைக்கூடப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டேன்.

"கொடி ஏறிட்டும்மா. எல்லை தாண்டக் கூடாது" என்றேன், விபூதியைப் பட்டையாகப் பூசிக்கொண்டு.

"எப்பம்லே உனக்கு இம்புட்டு பக்தி வந்துச்சு?" என்றாள் அம்மா. ஆனாலும் போன் போட்டு அவர்களிடம் சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யூசுப் பிவ்புரி அருவிக்குக் கூப்பிட்டான். தங்கினால்தானே குற்றம், சாயங்காலத்துக்குள் திரும்பிவிட்டால் அம்மன் கண்டுகொள்ளாது என்று எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோயிலுக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். (பிவ்புரி ரயில் அம்பர்நாத்தைத் தாண்டித்தான் போகும். புத்தி அப்படி வேலை செய்தது.) மழைக்காக போனை அணைத்து பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன்.

திரும்பும்போது அம்பர்நாத்தில் ஒரு குடும்பம் ஏறியது. அப்பா, அம்மா, மகள், கூடவே சாக்கில் கட்டிய ஒரு பலாப்பழம். எங்கள் எதிரில்தான் உட்கார்ந்தார்கள். நான் அரை டிரவுசரும், தலையில் கட்டிய ஈரக் கைக்குட்டையுமாக இருந்தேன். அந்த அப்பா போனை எடுத்தார்.

"மதினி, ஏறிட்டோம். கொடி ஏறின ஊருக்கு விருந்தாளி வாரதுதான முறை? அதான் நாங்களே புறப்பட்டுட்டோம். மாப்பிள வீட்லதான இருக்காரு?"

போனிலிருந்து வந்த குரல் பெட்டி முழுக்கக் கேட்டது. "அவன் எங்க போவான்? கோயிலே கதின்னு கிடக்கான்!"

என் அம்மாவின் குரல். பிறந்ததிலிருந்து கேட்கிற குரலை மறுக்க முடியுமா? அடுத்த ஸ்டேஷனில் குதித்துவிடலாம் என்று எழுந்தேன். யூசுப் என் டிரவுசரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, "தாராவியா சாச்சா? நாங்களும் அங்கனதான். அருவில குளிச்சிட்டுத் திரும்புதோம். கூட்டிட்டுப் போறோம்" என்றான். பாவி!

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என் போட்டோவை அனுப்பியதே யூசுப்தான். ஏதோ ஒரு ஆப்பில் போட்டு என்னைச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்திருந்தான்.

"நல்லதாப் போச்சு. அங்க முருகேசன்னு ஒரு டெய்லர் பையன் இருக்காராமே. ஆளு எப்படி தம்பி?" என்று என்னிடமே கேட்டார்.

"நல்ல... நல்ல பையன்தான்" என்றேன்.

அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் திரும்பினாள். "பொய் சொல்லுவாரா?"

"அவசியம்னா மட்டும்" என்றேன். அவள் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் லேசாகக் குலுங்கியது. குளிர் போல என்று நினைத்துக்கொண்டேன்.

குர்லாவில் வண்டி மாறி சயானில் இறங்கினோம். பலாப்பழத்தை என் தலையில் ஏற்றினான் யூசுப். முள் கைக்குட்டையைத் தாண்டிக் குத்தியது. பெண் பார்க்கப் போகாமல் தப்பித்துக்கொண்ட கெட்டிக்காரன் நான், பெண் வீட்டாருக்கு வழி காட்டி, சீரையும் சுமந்து, என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். சந்து முனையில் நழுவிவிடலாம் என்பதுதான் திட்டம்.

சந்து முனையில் கோயில். அந்த அப்பா கும்பிட்டுவிட்டுக் கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். மழையில் நனைந்த கொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது.

"நல்ல வேலைப்பாடு. ஆனா துணி பத்தலையோ? இன்னும் கொஞ்சம் அகலமா தச்சிருக்கலாமே."

அங்கேதான் கெட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "துணியெல்லாம் நெறைய இருந்துச்சு. அளவே இதுதான். அகலமா இருந்தா காத்துல அடிச்சுக் கிழியும். இது கம்பத்தோட சுத்திக்கிட்டு, விழா முடியுத மட்டும் நிக்கணும். ராத்திரி பகலா முழிச்சு நான் தச்சது, எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"நீங்களா தச்சீய? மாப்பிளதான் தச்சாருன்னு மதினி சொன்னாவளே?"

பழத்தைப் பிடித்திருந்த கை தானாக நெகிழ்ந்தது. பழம் என் கால் கட்டைவிரலில் இறங்கி, உருண்டு, கம்பத்தடியில் வாயைப் பிளந்தது. யூசுப் வானத்தைப் பார்த்தான்.

"எனக்கு அம்பர்நாத்துலயே தெரியும்ப்பா. போட்டோல வெளுத்தாலும் காது அதே காதுதான்" என்றாள் மகள்.

அவர் முகம் கறுத்துவிட்டது. "எல்லை தாண்டக் கூடாதுன்னு எங்ககிட்ட சொல்லிட்டு, நீரு அருவில குளிச்சிட்டு வாரீராக்கும்?" என்றார். அதற்குள் அம்மா ஓடிவந்து, என்னைப் பார்த்த பார்வையிலேயே எரித்துவிட்டு, அவர்களை வீட்டுக்குள் இழுத்துப் போனாள்.

நாலு பேர் உட்கார்ந்தார்கள். நான் வாசலில் நொண்டியபடி நின்றேன். அவள் எழுந்து வந்து, "ஏன் வரமாட்டேன்னீய?" என்று கேட்டாள். அவள் பெயர் இசக்கியம்மாள் என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? "எல்லாரும் இந்தக் கோலியப் பாத்துட்டு, போன்ல சொல்லுதோம்னு போயிடுதாங்க. இன்னொரு தடவ அதத் தாங்க முடியாதுன்னுதான்" என்றேன். கண் கலங்கிவிட்டது. கட்டைவிரல் வலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அவள் உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தாள். அரிசி மூட்டை, மெஷின், உட்கார்ந்திருந்தவர்கள் போக மீதியிருந்த தரை.

"ஒரு சாண் துணியில சூரியன், சந்திரன், சூலம், சிங்கம் எல்லாத்தையும் அடக்கிட்டீயள்ல?" என்றாள். "இங்க ஒரு ஆளு அடங்க மாட்டாளா?"

பிறகு உள்ளே திரும்பி, "எப்பா, போன்லல்லாம் சொல்ல வேண்டாம். இங்கனயே சொல்லிருவோம்" என்றாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா ஓவென்று அழுதுவிட்டாள்.

இப்போதும் அதே கோலிதான். மேலே ஒரு பரண் மட்டும் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு ஆடியிலும் கொடி ஏறிய அன்று மாமனார் போன் செய்து, "மாப்பிள எல்லைக்குள்ளதான இருக்காரு?" என்று கேட்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்துதான் இருப்பேன்.

"அப்படித்தான் சொல்லுதாரு" என்பாள் இசக்கி. "நல்ல பையன்தான்ப்பா. எதுக்கும் சந்து முனையில யாருகிட்டயாவது விசாரிச்சிட்டுச் சொல்லுதேன்."