விபத்தில்லா நாள் 412

“நல்லவேளை, யாரும் பார்க்கலை.”

கூடத்திலிருந்து அண்ணாவின் குரல். அதற்கு ஒரு நொடி முன்னால் தடால் என்று ஒரு சத்தம். நான் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்தே இருந்தது. ஆக, ஒருத்தி பார்த்துவிட்டாள்.

அண்ணா தரையில் உட்கார்ந்து பின்மண்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் ஏறி நின்ற ஆபீஸ் நாற்காலி, சக்கரங்கள் உருள, சாப்பாட்டு மேசை வரை போய் நின்றிருந்தது. சுண்ணக்கட்டி இரண்டாக உடைந்து கிடந்தது.

நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

“நீ பார்க்கலை. சரியா?”

“சரிண்ணா.”

நான் அதிகம் பேச மாட்டேன். இந்த வீட்டில் ரகசியங்கள் என்னிடம்தான் வந்து சேரும்.

அண்ணா ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அங்கே வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு பலகை உண்டு. அதே போல ஒன்றை வீட்டிலும், சமையலறைக் கதவுக்கு மேலே, கூரையைத் தொடாத குறையாக மாட்டி வைத்திருந்தார். தினமும் காலையில் எண்ணை மாற்றுவார். “அவ்வளவு உயரத்துல எதுக்குங்க?” என்று அண்ணி அன்றைக்கே கேட்டாள். “எல்லார் கண்ணுலயும் படணும்” என்றார். “அப்ப ஒரு சின்ன ஏணியாவது வாங்குங்க” என்றாள். அந்த ஏணி வரவே இல்லை. இதற்கு நடுவில் அண்ணி இரண்டு தடவை கத்தியால் விரலை வெட்டிக்கொண்டாள். “அது விபத்து இல்ல, கவனக்குறைவு” என்று அண்ணா தீர்ப்பு சொல்லி, பலகையைக் காப்பாற்றினார்.

இன்றைக்கு 411-ஐ அழித்து 412 எழுதி முடித்த கையோடுதான் விழுந்தார். எண் மட்டும் மேலே கம்பீரமாக நின்றது.

நாளைக் காலையில் முந்நூறு தொழிலாளர்களுக்கு முன்னால் அவர் பேச வேண்டும். தலைப்பு: ‘விழாமல் வாழ்வோம்’. அவர் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் வேறு வேண்டாம்.

அண்ணி கடைக்குப் போய்த் திரும்பும்போது அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவள் நர்சரிப் பள்ளி ஆசிரியை. நாலு வயதுப் பிள்ளைகள் பத்தொன்பது பேரின் பொய்களைத் தினமும் முகம் கோணாமல் கேட்டுப் பழகியவள். உள்ளே நுழைந்ததும் நாற்காலியைப் பார்த்தாள். சுண்ணக்கட்டியைப் பார்த்தாள்.

“ஏம்மா, நாளைக்குப் பேசற பேப்பர் எங்க வச்சேன்?” என்றார் அண்ணா.

“உங்க கையிலதாங்க இருக்கு.”

“அட, ஆமா.” ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். “என்ன வெயில் இப்படிக் கண்ணைக் குத்துது!” வெளியே மேகமூட்டம்.

ஐந்து நிமிடம் கழித்து, “ஏம்மா, அந்தப் பேப்பர் எங்க வச்சேன்?”

அண்ணி காய்கறிப் பையை அப்படியே கீழே வைத்தாள்.

“தலையில அடிபட்டுதா?”

“எனக்கா? நான் யாரு, என் வேலை என்ன? கேக்கறதுக்கு ஒரு வரைமுறை வேண்டாமா?” குரல் உயர்ந்தது. உயர்ந்த வேகத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு குளியலறைக்கு ஓடினார். உள்ளே வாந்தி எடுக்கும் சத்தம்.

“காலையில குடிச்ச காப்பி சரியில்லை!” என்று அங்கிருந்தே அறிவித்தார்.

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

“வாக்குக் குடுத்துட்டியா?”

தலையாட்டினேன்.

“சரி, வாயைத் திறக்காத. முன்பக்கமா விழுந்திருந்தா என்னைப் பாரு. பின்பக்கமா விழுந்திருந்தா ஜன்னலைப் பாரு.”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவள் முகம் மாறியது ஒரே ஒரு கணம்தான். போனை எடுத்து வாடகைக் காருக்குச் சொன்னாள். பத்து நிமிடத்தில் வருமாம். இழுத்துக்கொண்டு போக அண்ணா குழந்தை இல்லை, எண்பது கிலோ. சண்டை போட்டால் கத்துவார். கத்தக் கத்தத் தலை வலிக்கும். அண்ணி அலமாரியிலிருந்து, பள்ளியில் அடிபடும் பிள்ளைகளைப் பற்றி அறிக்கை எழுதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குரலில் அப்படி ஒரு பணிவு. நானே நம்பிவிட்டேன்.

“ஏங்க, ஒருத்தன் உயரத்துல ஏறி விளையாடிப் பின்மண்டை அடிபட விழுந்துட்டான். ஒண்ணுமில்லைன்னு சாதிக்கிறான். நான் அறிக்கை எழுதணும். என்னென்ன பார்க்கணும்னு உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?”

அண்ணா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எழுதிக்கோ. கேட்டதையே திரும்பக் கேக்கறானா?”

“கேக்கறான்.”

“வாந்தி?”

“ஒரு தடவை.”

“வெளிச்சம் பட்டா கண் கூசுதா? தூக்கக் கலக்கமா இருக்கானா?” என்று சொல்லி ஒரு கொட்டாவி விட்டார்.

“ரெண்டும் உண்டுங்க.”

“தலைவலி கூடிக்கிட்டே போகுதா?”

“அதை நீங்கதான் சொல்லணும்.”

“கூடத்தான் செய்யும்,” என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இன்னும் என்ன வேடிக்கை பார்க்கறீங்க? இதுல ஒண்ணு இருந்தாலே உடனே ஆஸ்பத்திரி!”

“நல்லாத்தான் இருக்கேன்னு அடம் பிடிக்கிறானே?”

“அடிபட்டவன் சாட்சி செல்லாது. வெளியில காயம் இல்லாம உள்ள ரத்தம் கசியும். மணிக்கணக்கு கழிச்சுக்கூடத் தெரிய வரும். தூங்கி எழுந்தா சரியாப் போகும்னு விடறவங்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!”

“அவன் சம்மதிக்கலைன்னா?”

“அவன் சம்மதத்தை யாரு கேட்டா? கூட ரெண்டு பேர் போங்க. வண்டி ஓட்ட மட்டும் விடாதீங்க.”

“கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. அதிகாரி கையெழுத்து இருந்தா மறுக்க மாட்டான்.”

அண்ணா போட்டார். பதவியையும் சேர்த்து எழுதினார். எழுத்து கோணலாக ஓடியது. வாசலில் கார் ஹாரன் அடித்தது.

“வயசு காலியா இருக்கே. என்ன வயசு?” என்று கேட்டார்.

அண்ணி பேனாவை வாங்கி எழுதி, நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். நாற்பத்தொன்று.

அண்ணா அதைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். கதவுக்கு மேலே பலகையைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

“சாட்சி செல்லாது,” என்றாள் அண்ணி, செருப்பை அவர் காலருகே வைத்தபடி.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் எடுத்துப் பார்த்ததில் மண்டைக்குள் சின்னதாக ஒரு ரத்தக்கசிவு. அது பெருகுகிறதா என்று மறுநாளும் படம் எடுத்தார்கள். பெருகவில்லை. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. தூங்கட்டும் என்று வீட்டிலேயே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டர் முழுதாகச் சொல்லவில்லை.

“யார் இவ்வளவு சரியாக் கவனிச்சது?” என்று நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“எல்லாம் அவரே சொன்னதுதாங்க. நான் எழுதிக்கிட்டேன்,” என்றாள் அண்ணி.

அன்றைக்கு முழுக்க அவள் நிதானமாகத்தான் இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான் பார்த்தேன், அவளால் அதன் மூடியைத் திறக்க முடியவில்லை.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, தலைக்கு முழு ஓய்வு. அண்ணாவைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தோம். அதற்குச் சக்கரம் கிடையாது. பக்கத்துச் சுவரில், அவர் தோள் உயரத்தில், அண்ணி பலகையை இறக்கி மாட்டியிருந்தாள். 412 அப்படியே இருந்தது. கீழே துடைக்கும் துணி, முழுசாக ஒரு சுண்ணக்கட்டி.

அண்ணா பலகையைப் பார்த்தார்.

“கணக்குப்படி இன்னைக்கு 415 இல்ல?”

அண்ணி தலையணையைச் சரிசெய்தாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “நீ பார்க்கலைதானே?”

“பார்த்தேண்ணா,” என்றேன்.

அண்ணா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, 412-ஐ அழித்துவிட்டு, சைபர் போட்டார்.